நச்சுச் செடியும் நிலமற்ற மாடும்

மலையகத்திலே நாயுண்ணியைத் தின்று ஒரு பசு வீழ்ந்தால், பழி செடியின்மேற் சுமத்தப்படும். அன்றேல் மாட்டுக்காரரின் கவனயீனத்தின்மேற் சுமத்தப்படும். இவ்விரண்டும் உண்மையை மறைக்கும் கூற்றுக்களாகும்.

தமிழ்நாட்டார் உண்ணிச்செடி என வழங்கும் இம்முட்புதர் நம் மண்ணுக்கு உரியதன்று. அமெரிக்க வெப்பவலயத்திற் பிறந்த இதனை, 1826இல் பேராதனைத் தாவரவியற் பூங்கா வழியாக அழகுக்கெனக் கொணர்ந்தது காலனித்துவ ஆட்சியே. பறவைகள் கனியை உண்டு விதையைப் பரப்பின. பராமரிப்பற்ற தேயிலை மலைகள் அதற்குப் புகலிடமாயின.

அதன் இலையிலுள்ள லன்டடீன் என்னும் நஞ்சு மாட்டின் ஈரலைப் பழுதாக்குகிறது. பித்தநீர் தடைப்பட, பச்சையத்தின் சிதைவுப்பொருள் குருதியிலே தேங்குகிறது. பின்னர் வெயில் பட்ட வெண்தோல் வெந்து வெடிக்கிறது. கறுப்பும் வெள்ளையுமான பிரீசியன் பசுவின் வெள்ளைப் பகுதிகளே முதலிற் புண்ணாவது இதனாலேதான்.

ஆயினும், மாடு நாயுண்ணியை விரும்பித் தின்பதில்லை. நல்ல புல் கிடைக்கும்வரை பெரும்பாலும் அதனை விலக்கியே மேயும். வரட்சியிலும் தீவனப் பஞ்சத்திலுமே அதிற் பெரிதும் வாய் வைக்கும். எனவே நஞ்சுக்கு முந்தியது பசி; பசிக்கு முந்தியது நிலமின்மை.

பகலெல்லாம் கொழுந்து பறித்தவர், மாலையிலே ஓடைக்கரையிலும் வீதியோரத்திலும் புல்லறுத்துச் சுமந்து வந்தே லயத்துப் பசுவைக் காக்கிறார். அப்புல் வளரும் நிலம் அவருடையதன்று. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. நிலம் கைமாறிய எச்சந்தர்ப்பத்திலும் அதனைப் பண்படுத்தியவர் உரிமையாளராகவில்லை. அண்மைக்காலத்திற் சிலருக்குக் கிடைத்த 7 பேர்ச் காணி வீட்டுக்குப் போதலாம், புல்லுக்குப் போதுமா?

"செடியைப் பிடுங்கி எறிக" என்பர் சிலர். வெட்டிய அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். வெற்றிடத்திற் பறவை மீண்டும் விதைக்கும். அவ்விடத்திற் புல் நட்டு, ஆண்டுதோறும் களைந்து காப்பவர் இருந்தாலன்றி நாயுண்ணி ஒழியாது. பிறர் நிலத்தை ஊதியமின்றி எவர் காப்பார்?

ஆகவே, கைவிடப்பட்ட தேயிலை நிலங்களைத் தோட்டக் குடும்பங்களுக்குக் காணி உறுதியுடன் பகிர்ந்தளித்தல் வேண்டும். இது சலுகையன்று, இரு நூற்றாண்டு உழைப்பின் கடன். ஆய்வுகூடத்தில் நஞ்சின் பெயரை மனனஞ் செய்யும் நாம், நிலவுரிமையின் பெயரை உரைக்கத் தயங்குதல் கற்ற கல்விக்கு அழகன்று.