மகரக்கட்டு உடைந்த பிள்ளை எங்கே?

தமிழ் நாடகத்தைப்பற்றி எழுதப் புகுவோரும், அதைப்பற்றி மேடையேறிப் பேசுவோரும், தவறாமல் ஒரு வாசகத்தைச் சொல்லி வருகின்றனர். பாலர் நாடக சபைகளே நம் கலைக்குக் குருகுலங்களாய் விளங்கின என்பதுதான் அந்த வாசகம். அதைச் சொன்ன கையோடு பெயர்களை அடுக்குவார்கள்: தி. க. சண்முகம், என். எஸ். கிருஷ்ணன், எம். ஆர். ராதா, பி. யு. சின்னப்பா, எம். ஜி. இராமச்சந்திரன், சிவாஜி கணேசன். கேட்டிருப்போர் கை தட்டுவார்கள். கூட்டம் இனிது முடியும்.

அந்தப் பெயர்களுக்குரிய பெருமையைக் குறைப்பது நம் நோக்கமன்று. ஆனால் கை தட்டுமுன் ஒரு கணக்குக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறோம். ஒரு கம்பெனியில் பத்துப் பிள்ளைகள் மட்டுமா இருந்தார்கள்? படுக்கைச் சுருட்டோடு ஊர் ஊராய் அலைந்து, இரா முழுவதும் ஆடிப் பாடி, மகரக்கட்டு உடைந்ததும் விடப்பட்ட மற்றப் பிள்ளைகளெல்லாம் என்னவானார்கள்? அவர்களை எந்தக் குருகுலம் தேடியது?

பாலர் சபைகள் எவ்வாறு தோன்றின என்பதை முதலில் நோக்குவோம். நூற்றாண்டுத் தொடக்கத்தில் பெரிய நடிகர்களைக் கட்டி மேய்ப்பது நாடக ஆசிரியர்களுக்குப் பெரும்பாடாயிருந்தது. பாடம் கேளாமை, குடி, இடையில் கம்பெனியை விட்டுப் போய்விடுதல் ஆகிய இவற்றால் அலுத்தவர்கள் சிறுவர்களை நாடினார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவிப் பிள்ளைகளைப் பயிற்றினார். அதில் சேர்ந்தபோது தி. க. சண்முகத்துக்கு வயது ஆறு. சுவாமிகள் பெரும் புலவர். அவரிடம் பாடம் கேட்டது அந்தப் பிள்ளைகளின் பேறு என்பதில் ஐயமில்லை. ஆயினும் சிறுவர்களைத் தேர்ந்ததற்கு முதற்காரணம் எது? சிறுவன் எதிர்த்துப் பேசமாட்டான்; சம்பளம் பேசமாட்டான்; இரவோடிரவாக வேறு கம்பெனிக்குப் போகமாட்டான். கட்டுப்பாடு என்று புகழப்படும் பொருளின் அடித்தளம் இதுவே.

இனி அந்தப் பிள்ளையின் நாளைப் பாருங்கள். முகாம் போட்ட ஊரில் கம்பெனி வீடு என்று ஒரு வீடு பிடிக்கப்படும். வரிசையாய்ப் பாய்கள். அனுமதியின்றி வாசல் தாண்டக்கூடாது. பகலில் பாடமும் ஒத்திகையும். இரவு ஒன்பது பத்து மணிக்குத் திரை தூக்கினால் விடியும்வரை நாடகம். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைசியில் தரை டிக்கெட்டில் இருப்பவனுக்கும் கேட்க வேண்டுமானால், பிள்ளை உச்ச ஸ்தாயியிலேயே நின்று பாட வேண்டும். பாலபார்ட்டும் அவனே, ஸ்திரீபார்ட்டும் அவனே. சீதையாய் அழுதவன் விடியற்காலையில் அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டு பாயில் விழுவான். வசனம் தவறினால் அடி. இந்தச் சபைகளில் வளர்ந்து பின்னாளில் தம் நினைவுகளை எழுதியவர்களே அந்த அடியை மறைத்ததில்லை. சில வாரங்களில் வசூல் குறையும், படுதாவும் பெட்டியும் வண்டியேறும், அடுத்த ஊர். பள்ளிக்கூடம் என்பது அந்தப் பயணத்தின் எந்த நிறுத்தத்திலும் இல்லை.

இவ்வளவும் தாங்கியவனுக்கு முடிவில் வருவது மகரக்கட்டு. பதின்மூன்று, பதினான்கு வயதையொட்டிக் குரல்வளை வளர்கிறது. குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கிவிடுகிறது. இஃது எந்த ஆண்பிள்ளைக்கும் இயற்கை. தகப்பன் வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு இது மீசை முளைப்பதுபோல ஒரு வளர்ச்சி. கம்பெனிப் பிள்ளைக்கோ முதல் முழுகிப்போன வியாபாரம். நேற்றுவரை அவன் பாட்டுக்கு மூன்று முறை 'ஒன்ஸ் மோர்' கேட்ட சபையார் இன்று சிரிக்கிறார்கள். பி. யு. சின்னப்பாவே குரல் உடைந்த பருவத்தில் கம்பெனியை விட்டு விலகினார். அவர் புதுக்கோட்டையில் சங்கீதம் பயின்று, சிலம்பம் பழகி, மீண்டு வந்து புகழ் பெற்றார். மீண்டு வந்ததனால் அவர் பெயர் நமக்குத் தெரிகிறது. எழுத்தறிவு அரைகுறை, கைத்தொழில் இல்லை, குரலும் போயிற்று என்ற நிலையில் பதினைந்து வயதில் நின்றவனின் பெயர் நமக்குத் தெரியாது.

நிற்க. இதற்கு இரண்டு சமாதானங்கள் வழக்கமாய்ச் சொல்லப்படுகின்றன.

முதலாவது, பசி. கம்பெனி சோறு போட்டது. இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகள் பட்டினி கிடந்திருப்பார்கள் என்கின்றனர். உண்மைதான். கண்டிக்கு அருகே நாவலப்பிட்டியில் பிறந்து, தந்தையை இழந்து, தாயோடு கும்பகோணம் வந்து சேர்ந்த எம். ஜி. இராமச்சந்திரனும் அவர் தமையன் சக்கரபாணியும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்கு ஏன் போனார்கள்? கலை தாகத்தால் அன்று, அடுப்பு எரியாமையால். சிவாஜி கணேசனோ, தாய் தந்தையர் இருக்கும்போதே, தாம் ஓர் அநாதை என்று சொல்லிக் கம்பெனியில் சேர்ந்தவர். ஏழு வயதுப் பிள்ளை ஒருவன் தனக்கு யாருமில்லை என்றால், விசாரியாமல் வேலைக்கு எடுத்துக்கொள்ளும் வாசலுக்குக் குருகுலம் என்று பெயரா? பசித்த பிள்ளைக்குச் சோறு போடுவது தருமம். சோற்றைக் காட்டி அவன் இராத்தூக்கத்தையும் தொண்டையையும் எழுதி வாங்குவது வியாபாரம். இரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுப்பது நியாயமாகாது.

தோட்டத்துச் சகோதரர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. முன்பணம் கொடுத்து ஆள் கட்டிய கங்காணியும் பசியைத்தான் காரணமாய்ச் சொன்னான். ஆனால் அந்தத் தோட்டத்துக்கே 1923ஆம் ஆண்டு மலாய் நாட்டுத் தொழிலாளர் சட்டம் ஒரு கடமையை விதித்தது: பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும். தகரக் கொட்டகையோ, அரைகுறை வாத்தியாரோ, ஏதோ ஒன்று சட்டத்தின் பேரால் இருந்தது. லயத்துப் பிள்ளைக்குக் கிடைத்த அந்தத் தகரக் கொட்டகைகூட ராஜா வேஷம் போட்ட பிள்ளைக்குக் கிடைக்கவில்லை.

இந்தியாவில் என்ன நடந்தது? தொழிலாளர் நிலைமையை ஆராய்ந்த விட்லி குழு 1931இல் அறிக்கை வெளியிட்டது. சென்னை மாகாணத்துப் பீடிச் சாலைகளிலும் அமிர்தசரசின் கம்பளத் தறிகளிலும் பெற்றோர் முன்பணம் வாங்கிப் பிள்ளைகளின் உழைப்பை அடகு வைப்பதை அது அம்பலப்படுத்தியது. அதன் விளைவாக 1933இல் பிள்ளை உழைப்பு அடகுச் சட்டம் வந்தது. 15 வயது நிறையாத பிள்ளையின் உழைப்பை ஈடாக வைக்கும் ஒப்பந்தம் செல்லாது. அடகு வைக்கும் பெற்றோருக்கு 50 ரூபாய்வரையும், அறிந்தே அந்தப் பிள்ளையை வேலை வாங்கும் முதலாளிக்கு 200 ரூபாய்வரையும் அபராதம் என்றாயிற்று. பீடி சுற்றிய பிள்ளையைத் தொழிலாளி என்று நாடு கண்டுகொண்டது. பாடிய பிள்ளையை மட்டும் கலைஞன் என்று சொல்லித் தன் கண்ணைத் தானே மூடிக்கொண்டது. பட்டுச் சட்டையும் காகிதக் கிரீடமும் அணிந்துவிட்டால் உழைப்பு உழைப்பாகாதா?

இரண்டாவது சமாதானம், கலை அப்படித்தான் வளரும், மேல்நாட்டிலும் அதுதான் வழக்கம் என்பது. மேல்நாட்டையே பார்ப்போம். வியன்னாவில் செயின்ட் ஸ்டீபன் கோயிற் பாடகர் குழுவில் சிறு வயதுமுதல் பாடிய ஹைடன், குரல் உடைந்ததும் கையில் காசின்றித் தெருவில் விடப்பட்டவர். பின்னாளில் அவர் உலகம் போற்றும் இசைமேதையானார் என்பதால் அந்தக் கொடுமை நன்மையாகிவிடவில்லை. ஆனால் அதே நகரம் அங்கேயே நின்றுவிடவுமில்லை. 1498இல் மாக்சிமிலியன் மன்னன் அரண்மனைக்கென ஏற்படுத்திய சிறுவர் பாடகர் குழு, முடியாட்சி வீழ்ந்தபின் 1924இல் புதிதாய் அமைக்கப்பட்டு, இன்றும் உலகெங்கும் சுற்றிவருகிறது. சுமார் 100 சிறுவர்; நான்கு குழுக்கள். ஒரு குழு பயணம் செல்லும்போது மற்றவை வீடிருந்து படிக்கின்றன. குழுவுக்கென்றே பள்ளிக்கூடம் உண்டு; குரல் உடைந்தவனும் மேற்கொண்டு படிக்க வழியுண்டு. அங்கே குறையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. பயணமும் பாட்டும் இருக்கும் இடத்தில் பள்ளியும் இருக்க முடியும் என்பதற்கு அது சான்று. முடியாது என்பவர்கள் செலவு செய்ய மனமில்லை என்று நேராய்ச் சொல்லட்டும்.

இஃதெல்லாம் இந்தியாவின் கதை, நமக்கென்ன என்று கடல் கடந்த தமிழர் சொல்லிவிட முடியாது. தமிழ் நாடகக் குழுக்கள் இலங்கை, ரங்கூன், மலாயா, சிங்கை என்று கப்பலேறி வந்தன. டிக்கெட்டு வாங்கி விடியவிடியப் பார்த்தவர்கள் நம் பாட்டன்மார். சிங்கையின் வட கோடியிலுள்ள கிராஞ்சியை நினைத்துப் பாருங்கள். 1903இல் திறக்கப்பட்ட இருப்புப்பாதைக்குச் சிங்கப்பூர்–கிராஞ்சி ரயில் என்றே பெயர். முதலில் உட்லண்ட்ஸ் வரை ரயில், பிறகு ஜோகூருக்குப் படகு. 1923 முதல் கடற்பாலத்தின் மேலேயே ரயில். தோட்டங்களுக்கும் நகரத்துக்கும் இடையே ரயிலேறிய தமிழன் எவனும் கிராஞ்சியைக் கடந்தே போயிருப்பான். 2011இல் அந்தப் பாதையும் மூடப்பட்டது.

அதே கிராஞ்சியில் ஒரு குன்றின்மேல் போர் நினைவுச் சின்னம் நிற்கிறது. 1957இல் திறந்து வைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் மாண்டு, கல்லறை இன்னதென்று தெரியாத 24,000க்கு மேற்பட்டவர்களின் பெயர்கள் அதன் சுவர்களில் வெட்டப்பட்டிருக்கின்றன. இந்தியச் சிப்பாய்களின் பெயர்களும் அவற்றில் உண்டு. உடல் கிடைக்காவிட்டாலும் பெயரைக் காப்போம் என்று ஒரு நிருவாகம் உறுதி பூண்டு, பட்டாளத்துப் பதிவேடுகளைப் புரட்டிப் பெயர் பெயராய்த் தேடியது. எளிய சிப்பாயின் பெயரைக் காப்பதும் இயலாத காரியமன்று என்பதை அந்தச் சுவர் காட்டுகிறது. நம் பாலர் சபைகளின் பிள்ளைகளுக்கு எந்தப் பதிவேட்டைப் புரட்டினோம்? முதலாளியின் பெயர் நோட்டீசில் கொட்டை எழுத்தில் இருந்தது. கோரஸ் பாடிய பிள்ளைகள் "மற்றும் பலர்" ஆனார்கள். இன்றும் நம் நூல்களில் அவர்கள் "மற்றும் பலர்" தாம்.

பழங்கதையைக் கிளறுவானேன் என்று சிலர் கேட்கலாம். பழங்கதை முடிந்திருந்தால் நாமும் கிளறமாட்டோம். கம்பெனிகள் மறைந்தன, கொட்டகை வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. சின்னத்திரைப் பாட்டுப் போட்டிகளில் எட்டு வயதுப் பிள்ளை காதற்பாட்டைக் கமகத்தோடு பாடுகிறது. தோற்றால் அதன் கண்ணீரைக் கிட்டத்தில் காட்டுகிறார்கள். வென்ற பிள்ளையைச் சிங்கைக்கும் கோலாலம்பூருக்கும் அழைத்து வந்து மேடையேற்றுவது நம் சங்கங்களும் வியாபாரிகளும்.

சட்டம் இல்லாமலில்லை. இந்தியாவில் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016இல் திருத்தியபோது கலைத்துறைப் பிள்ளைகளுக்கு விலக்களித்து, 2017இல் அதற்கு விதிகளும் வகுத்தார்கள். நாளொன்றுக்கு 5 மணிக்கு மேல் வேலை கூடாது. ஓய்வின்றி 3 மணிக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. பிள்ளை விரும்பாமல் மேடையேற்றக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவிகிதம் பிள்ளையின் பேரில் பாங்கியில் இடப்பட வேண்டும். அடகுச் சட்டக் காலத்துக்கு இது பெரிய முன்னேற்றமே. ஆனால் நூற்றுக்கு இருபது பாடியவனுக்கென்றால் மீதி எண்பது யாருக்கு? கடல் கடந்து வந்த மேடையில் மணியைப் பார்ப்பவர் யார்? சிங்கையில் ஆறாண்டுத் தொடக்கக் கல்வி 2003 முதல் கட்டாயம். தம் பிள்ளை ஒரு நாள் பள்ளிக்குப் போகாவிட்டால் பதறும் நகரத்துத் தகப்பனார், விருந்தாளிப் பிள்ளை பள்ளி நாளில் இரவு பதினொரு மணிக்குப் பாடினால் பணமாலை போடுகிறார். இந்த முரண்பாட்டை அவர் ஒரு நிமிஷம் யோசித்துப் பார்க்கட்டும்.

ஆகவே, கலையன்பர்களையும் விழா நடத்தும் சங்கத்தார்களையும் நாம் கேட்பது அதிகமொன்றுமில்லை. பிள்ளைகளை அழைத்தால் பள்ளி விடுமுறையில் அழையுங்கள். நிகழ்ச்சியில் அவர்கள் பாட்டை முதலில் வைத்து, நேரத்தோடு தூங்க அனுப்புங்கள். சன்மானத்தைப் பிள்ளையின் பேரிலேயே கட்டி, ரசீதைக் கேட்டு வாங்குங்கள். மகரக்கட்டுப் பருவத்தில் தொண்டைக்கு ஓய்வு கொடுங்கள். அக்காலத்தில் வாத்தியமோ சங்கீத சாஸ்திரமோ பயிலப் பொருளுதவி செய்யுங்கள். பின்பாட்டுப் பிள்ளை உட்பட எல்லார் பெயரையும் நோட்டீசில் அச்சிடுங்கள். இவற்றைச் செய்ய முடியாத சங்கம் பிள்ளைகளை அழைக்காதிருப்பதே கலைக்குச் செய்யும் தொண்டு.

பழைய சபைகளைப்பற்றியும் ஒரு கடமை பாக்கியிருக்கிறது. பழைய தமிழ்ப் பத்திரிகைகள் நூலகங்களில் இருக்கின்றன. நம் வீட்டுப் பரண்களில் நாடக நோட்டீசுகளும் படங்களும் கிடக்கின்றன. அவற்றைத் தூசி தட்டி, கிடைத்த பெயர்களையெல்லாம் எழுதி வையுங்கள். அதுவரை, பாலர் சபைகளைக் குருகுலம் என்று எவர் மேடையில் புகழ்ந்தாலும், கை தட்டுவதற்கு முன் எழுந்து நின்று கேளுங்கள்: "ஐயா, மற்றும் பலர் யார் யார்?"