காளைக்குப் பருத்திக்கொட்டை, பையனுக்குப் பட்டினி

பொங்கல் கழிந்த இந்த வாரத்தில் அவனியாபுரம் டீக்கடைகளில் ஜல்லிக்கட்டைத் தவிர வேறு பேச்சே இல்லை. எந்தத் தம்பி எத்தனை மாடு பிடித்தான், எந்த மாடு வாடிவாசலில் நின்று விளையாடியது, கார் எந்த ஊருக்குப் போனது, டிராக்டர் எவர் வீட்டு வாசலில் நிற்கிறது என்பதுதான். தை முதல் தேதி எங்கள் ஊரில் வாடி திறந்த பிறகுதான் மறுநாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. பரிசுக் கார் வாங்குகிற பையன்கள் அதை வைத்துக்கொள்கிறார்களா, விற்றுவிடுகிறார்களா என்று விசாரித்து எழுதலாம் என்றுதான் மாட்டுப் பொங்கல் காலையில் கிளம்பினேன். போன இடத்தில் வேறொன்றைப் பார்த்துவிட்டேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் காளை வளர்க்கிறார்கள். அதன் சாப்பாட்டைக் கேளுங்கள். ஊறவைத்து ஆட்டிய பருத்திக்கொட்டை, கோதுமைத் தவிடு, துவரம்பொட்டு. போட்டி நெருங்கினால் உளுந்தும் பேரீச்சம்பழமும். காலையில் நடை, கண்மாயில் நீச்சல், சாயங்காலம் மண் குத்தப் பழக்குவது. “கன்னா வாங்குனதுண்ணே. மூணு வருசம் எந்த வாடிக்கும் அவுக்கல. எலும்பு முத்தாம அவுத்தா மாடு கெட்டுப்போகும்” என்றார் வீட்டுக்காரர். சொல்லிக்கொண்டே காளையின் வாயில் சர்க்கரைப் பொங்கலை உருட்டி ஊட்டினார்.

அவருடைய மகன் திண்ணையில் சுருண்டு உட்கார்ந்திருந்தான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கபடியில் வலது கார்னர், அதாவது வலது மூலையில் நின்று ஆள் பிடிக்கிறவன். உதடு வெடித்திருந்தது. வாயில் புளிப்பு மிட்டாய், கையில் ஒரு பிளாஸ்டிக் டம்ளர். எச்சில் ஊற ஊற அதில் துப்பிக்கொண்டிருந்தான். அன்று சாயங்காலம் பக்கத்து ஊரில் 60 கிலோ எடைப்பிரிவுப் போட்டி. பொங்கலன்று மத்தியானம் மெஷினில் ஏறியபோது 61 கிலோ 800 காட்டியிருக்கிறது. அதிலிருந்து சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஜெர்கினை மாட்டிக்கொண்டு ரிங் ரோட்டில் ஓடிவிட்டு வந்திருந்தான்.

“இன்னும் எவ்வளவு தம்பி?”

“அரைக் கிலோதான் பெரியப்பா. சாயங்காலத்துக்குள்ள இறங்கிரும்.”

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு, கபடி மைதானத்து எடைமெஷின் மேல் எனக்கிருக்கும் கோபம் தெரியும். முன்பு எழுதியபோது, “எடைப்பிரிவு இல்லாவிட்டால் எங்கள் பிள்ளைகளுக்கு ஆடவே வாய்ப்பு வராது” என்று சிலர் கடிதம் எழுதினார்கள். அது நியாயமான பேச்சு. ஓப்பன் போட்டி வைத்தால் போலீஸ் அணியிலும் ரயில்வே அணியிலும் ஆடுகிற பெரிய ஆட்கள் பரிசை அள்ளிக்கொண்டு போவார்கள். ஊர்ப் பையன்கள் கயிற்றுக்கு வெளியே நின்று கை தட்ட வேண்டியதுதான். அதற்காகத்தான் 55, 60, 65 என்று பிரித்தார்கள். பிரித்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் என்ன ஆகிறது? பதினாறு வயதில் 60 கிலோ டீமில் இடம் பிடித்த பையன், பத்தொன்பது வயதிலும் அதே 60-ல் நிற்கப் பார்க்கிறான். அந்த மூன்று வருடங்களில்தான் தோள் விரியும், தொடை திரளும், எலும்பு கனக்கும். உடம்பு தானாகக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டிய எடையை, வாராவாரம் அதன் வாயிலிருந்து பிடுங்குகிறோம். உடல் எடையில் இரண்டு சதவீதம் நீர் இறங்கினாலே ஆட்டக்காரனின் வேகமும் கவனமும் தளரத் தொடங்கும் என்பது விளையாட்டு மருத்துவத்தில் பால பாடம். இந்தப் பையன் கிட்டத்தட்ட மூன்று சதவீதம் இறக்கிவிட்டு, 60 கிலோ எடையோடு வேகமாக வருகிற ஒருவனின் கணுக்காலுக்குப் பாய வேண்டும்.

என் அக்கா மகன் அமெரிக்காவில் வேலை பார்க்கிறான். அங்கே சனிக்கிழமையானால் கல்லூரிகளுக்கு இடையிலான ஃபுட்பால். நம் கால்பந்து இல்லை. தலைக்கவசம் போட்டுக்கொண்டு முட்டை வடிவப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது. அவனிடம் இந்தப் பையனைப் பற்றிச் சொன்னேன். உடனே ஒரு வீடியோவை அனுப்பிவிட்டுப் போன் செய்தான். “மாமா, முன்னாடி வரிசையா குனிஞ்சு நிக்கிற அந்த அஞ்சு பேர மட்டும் பாருங்க. பந்தத் தூக்கிட்டு ஓடுறது அவங்க வேலை இல்ல. பின்னாடி நிக்கிறவன் மேல யாரும் விழாம தடுக்கணும், அவ்வளவுதான். அவங்க பேரு கூட்டத்துல பாதிப் பேருக்குத் தெரியாது.”

அந்த ஐந்து பேரின் கதையைத் தேடிப் படித்தேன். ஒவ்வொருவனும் 130 கிலோவுக்கு மேல். பள்ளியை முடித்துவிட்டு வரும்போது பெரும்பாலும் அவ்வளவு இருப்பதில்லை. வந்ததும் களத்தில் இறக்கிவிடுவதும் இல்லை. நான்கு பருவம் ஆட ஐந்து வருடம் என்று விதியிலேயே இடம் வைத்திருக்கிறார்கள். முதல் வருடம் பயிற்சி, எடை தூக்குதல், சாப்பாடு, தூக்கம். பெரிய ஆட்டங்களில் ஓரமாக நின்று பார்ப்பது. ‘ரெட் ஷர்ட்’ என்று அதற்குப் பெயர். மற்ற இடங்களுக்கு வருகிற பையன்களைவிட இந்தத் தடுப்பு வரிசைக்கு வருகிறவர்களுக்குத்தான் அந்த வருடம் அதிகம் தேவைப்படுகிறது. வேகம் சின்ன வயதிலேயே வந்துவிடலாம், முட்டித் தாங்குகிற பலம் வர வருடம் பிடிக்கும். எலும்பு முத்தட்டும் என்று நம் மாட்டுக்காரர் காத்திருந்தாரே, அதைத்தான் அங்கே பையன்களுக்குச் செய்கிறார்கள்.

அமெரிக்கா செய்வதெல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். 130 கிலோ என்பது இதயத்துக்கும் முழங்காலுக்கும் சுமைதான். ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சடைப்பு என்று அந்த ஆட்டக்காரர்கள் பின்னாளில் படுகிற பாடு பெரிது. நம் பையன்களை அப்படி ஊதவைக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த நாடு இரண்டு இடத்தில் அடிபட்டுத் திருந்தியது. அந்த இரண்டும் நமக்கு வேண்டும்.

ஒன்று, சாப்பாடு. 2014-ல் கனெக்டிகட் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி தேசியப் பட்டம் வென்றது. அதன் முன்னணி வீரர் ஷபாஸ் நேப்பியர், சில இரவுகளில் பசியோடு படுக்கப் போவதாகச் செய்தியாளர்களிடம் சொன்னார். நாடே அதிர்ந்தது. அதே மாதம், கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, வீரர்களுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் உணவு தரலாம் என்று விதியைத் தளர்த்தியது.

இன்னொன்று, எடை. 1997 நவம்பர், டிசம்பரில், சுமார் ஒரு மாதத்துக்குள், மூன்று கல்லூரி மல்யுத்த மாணவர்கள் எடை குறைக்கும்போதே செத்துப்போனார்கள். காற்றுப் புகாத ரப்பர் உடுப்பைப் போட்டுக்கொண்டு, தண்ணீர் குடிக்காமல், சூடான அறையில் வியர்க்க வியர்க்கப் பயிற்சி செய்தவர்கள். அதன் பிறகு ரப்பர் உடுப்பும் நீராவி அறையும் தடை செய்யப்பட்டன. எடை பார்க்கும் நேரத்தை ஆட்டத்துக்குச் சற்று முன்னால் கொண்டுவந்தார்கள்; நீரைக் குறைத்துவிட்டு வந்தவனால் அந்த இடைவெளியில் தேறிவர முடியாது என்பதால், குறைக்கிற ஆசையே போய்விடும். பருவத் தொடக்கத்திலேயே, உடம்பில் நீர்ச்சத்து சரியாக இருக்கிறதா, கொழுப்பு எவ்வளவு என்று பார்த்து, இந்தப் பையன் இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்று எழுதிவைத்தார்கள். ரப்பர் உடுப்பும் ஜெர்கினும் ஒன்றுதான். நம் ஊரில் அப்படி ஒரு சாவு வந்த பிறகுதான் விதி எழுதுவோமா?

கார்னர் பையனைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவதற்குக் காரணம் உண்டு. நம் கபடிப் பேச்சில் பாடிப் போகிற ரைடருக்குத்தான் பெயர். ‘கில்லி’ படத்தில் பாடிப் போகிற வேலுவை ஊரே கொண்டாடியது. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவி 2025 தீபாவளிக்கு ‘பைசன்’ படம் வந்தது. மனம் நிறைந்து பார்த்தேன். ஆனால் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு விடாமல் கிடக்கிறவனுக்கு இன்னும் ஒரு படம் வரவில்லை.

அவன் செய்கிற வேலையைப் பக்கத்தில் நின்று பாருங்கள். போனஸ் கோடு நடுக்கோட்டிலிருந்து 4.75 மீட்டர். ரைடர் அந்தக் கோட்டுக்குக் கால் நீட்டுகிற கண நேரத்தில் கார்னர் பாய்ந்து கணுக்காலைப் பிடிக்கிறான். பிடித்ததும் அதைத் தன் நெஞ்சோடு இழுத்துத் தரையிலிருந்து தூக்க வேண்டும். தூக்காவிட்டால் ரைடர் அவனையும் சேர்த்துத் தரதரவென்று கோட்டுக்கு இழுத்துக்கொண்டு போவான். துணைக்குக் கவர் இடத்தில் நிற்கிறவன் வந்து விழுகிறவரை, விரல்களும் முன்கையும் இடுப்பும் அந்த முழு எடையையும் தாங்க வேண்டும். குதிகால் முகத்தில் உதைக்கும். விடக் கூடாது. அந்தப் பிடிக்கு நாவறண்ட உடம்பு போதாது.

தஞ்சை மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன் அப்படி நின்றவர். 2016-ல் 41 வயதில் பாட்னா பைரேட்ஸ் அணியின் தலைவராக புரோ கபடி கோப்பையைத் தூக்கினார். 44 வயதில் ஹரியானா ஸ்டீலர்ஸ் அணிக்குத் தலைமை தாங்கினார். அணியில் எல்லோருக்கும் ‘அண்ணா’. பலத்தை வருடக்கணக்கில் சேர்த்துவைத்தவனால்தான் அந்த வயதில் மூலையில் நிற்க முடியும். மூலையின் மதிப்புக்கு இன்னொரு உதாரணம்: 2022-ல் தமிழ் தலைவாஸ் அணி 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்த ரைடர் பவன் ஷெராவத் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு உட்கார்ந்தார். அவர் இல்லாமலேயே அந்த அணி முதல் முறையாக அரையிறுதிக்குப் போனது. ரைடர் நரேந்தரின் பாட்டு ஒரு பக்கம் என்றால், மூலைகளில் நின்ற சாகரும் சாஹில் குலியாவும் இன்னொரு பக்கம். இரண்டு பேரும் ஹரியானாக்காரர்கள். பாலும் மல்யுத்த அகாடாவும் உள்ள ஊரிலிருந்து வந்தவர்கள். தமிழ்நாட்டு அணியின் இரண்டு மூலைக்கும் ஹரியானாவில் ஆள் தேடினோம். புரோ கபடியில் எடை வரம்பு 85 கிலோ. பத்தொன்பது வயதுவரை 60-ல் கட்டிப்போட்ட பையனை அங்கே எப்படிக் கொண்டுபோய் நிறுத்துவது?

பலம் ஏறும் விதத்தை வீட்டுக்காரர்கள் தெரிந்துகொள்வது நல்லது. எடை தூக்கத் தொடங்கிய முதல் சில வாரங்களில் தசை பெரிதாவதில்லை. இருக்கிற தசையை முழுதாக வேலைவாங்க நரம்புகள் பழகுகின்றன. தசை அதற்குப் பிறகுதான் திரளும். தசைநாண்கள் இன்னும் மெதுவாக உறுதிப்படும். அவசரப்பட்டுக் கனம் ஏற்றுகிறவனுக்கு அங்கேதான் அறுந்துபோகும். எடை தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும் என்ற பயம் வேண்டாம். சொல்லித்தர ஆள் இருந்தால் வளர்கிற பிள்ளைகளும் செய்யலாம் என்பதைக் குழந்தைகள் மருத்துவ அமைப்புகள் தெளிவாகச் சொல்லிவிட்டன. நம் முன்னோர்கள் இளவட்டக்கல்லைப் போட்டுவைத்தார்கள், கர்லா கட்டை சுற்றினார்கள். சாப்பாட்டுக் கணக்கும் பெரிய வித்தை இல்லை. கடுமையாகப் பயிற்சி செய்கிற 60 கிலோ பையனுக்கு நாளொன்றுக்கு 100 கிராம் அளவுக்குப் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம். 100 கிராம் நிலக்கடலையில் 25 கிராம். நாலு முட்டை, ஒரு கை கடலை, சுண்டல், பால், வாரத்தில் சில நாள் கோழியோ மீனோ என்றால் சமாளித்துவிடலாம். காளைக்கு ஆகிற செலவு இதற்கு ஆகாது.

இதையெல்லாம் அந்த அப்பாவிடம் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. உள்ளே போய் ஒரு செம்பு நீராகாரத்தை எடுத்துவந்து மகன் முன்னால் வைத்தார். பையன் குடிக்கவில்லை. “டீம் வெளிய போயிரும்ப்பா” என்றான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. ஏழு பேரில் ஒருவன் எடை நிற்காவிட்டால் மற்ற ஆறு பேருக்கும் அடி விழும்போது அவன் வேறென்ன செய்வான்?

அதனால் போட்டி நடத்துகிறவர்களிடம் போனேன். எங்கள் பக்கத்தில் இந்த மாதக் கடைசியிலும் ஒரு போட்டி இருக்கிறது. மூன்று கோரிக்கை வைத்தேன். எடையைக் களத்தில் இறங்குவதற்குச் சற்று முன் பாருங்கள். முடிந்தால் எடைப்பிரிவையே எடுத்துவிட்டு 17 வயது, 19 வயது என்று வயதுப்பிரிவு வையுங்கள். சிறந்த ரைடருக்குக் கொடுக்கிற அதே தொகையைச் சிறந்த கார்னருக்கும் கொடுங்கள். கமிட்டித் தம்பிகள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். “கார்னருக்குப் பரிசு போட்ரலாம்ணே, பிளக்ஸ்லயே போட்ரோம். எடையத்தான் இந்த வருசம் மாத்த முடியாது, நோட்டீஸ் அடிச்சாச்சு” என்றார்கள். அடுத்த வருடத்து நோட்டீஸ் எப்போது அடிப்பார்கள் என்று கேட்டேன். ஆடி மாதம் கூட்டம் போடுவார்களாம். போவேன்.