நுண்ணலைக்கு எது அளவுகோல்?

ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தாருக்கு அளவையின் அருமையைச் சொல்லித் தரவேண்டியதில்லை. பதனிட்ட தோல் சதுர அடிக் கணக்கில் விலைபோகிறது. ஆனால் அதே தோல் ஈரக் காற்றில் சற்று விரியும்; வறண்டால் சுருங்கும். எந்நிலையில் அளந்தோம் என்று சொல்லாத அளவு அரைகுறை அளவே. இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்கும் இந்நீதி பொருந்தும் என்பது என் கருத்து.

ரேடாருக்கும் செயற்கைக்கோளுக்கும் கைப்பேசிக்கும் உயிர்நாடி நுண்ணலை. அதன் திறனை அளக்க மூவகை உணரிகள் உள்ளன.

முதலாவது தெர்மிஸ்டர். சூடேறினால் இதன் மின்தடை குறையும். நேர்மின்னோட்டத்தால் இதைச் சூடாக்கிச் சமனச் சுற்றில் நிறுத்துவர். நுண்ணலை விழுந்ததும், தடை மாறாதிருக்க எவ்வளவு நேர்மின் திறனைக் குறைக்கிறோமோ, அதுவே நுண்ணலையின் திறன். எடைக்கல்லை எடுத்துவிட்டு அதே தட்டில் பொருளை வைத்துச் சமன் செய்வது போன்றது இது! ஆயினும் ஏறத்தாழ 10 மில்லிவாட்டுக்கு மேல் தாங்காது, வேகமும் குறைவு.

இரண்டாவது வெப்ப இரட்டை. 1821இல் சீபெக் கண்ட விளைவே இதன் அடிப்படை. ஏறத்தாழ 100 மில்லிவாட் வரை அளக்கும். ஆனால், தெரிந்த ஒரு திறனோடு முதலில் ஒப்பிட்டாக வேண்டும்.

மூன்றாவது டையோடு. ஜகதீச சந்திர போஸ் 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற கலீனாப் படிக உணரி இதன் முன்னோடி. வாட்டில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கையும் இன்றைய டையோடு உணரும். எனினும், 0.01 மில்லிவாட்டுக்கு மேல் அதன் மின்னழுத்தம் திறனுக்கு நேர்விகிதத்தில் நில்லாது, திருத்தம் தேவை.

விரைவுக்கு டையோடு, அன்றாடப் பணிக்கு வெப்ப இரட்டை, படித்தர அளவைக்குத் தெர்மிஸ்டர் என்பேன். அதுவும் குறையற்றதன்று. விழும் திறனில் ஒரு பகுதி உறையின் சுவர்களில் வீணாகும். அந்த இழப்பை நுண்கலோரிமானியால் கணித்த பின்னரே அது படித்தரமாகும். நம் நாட்டின் அளவைப் படித்தரங்களைக் காப்பது புதுதில்லித் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம்.

கல்லூரிகளிலோ படிக உணரியின் மீட்டர் காட்டும் எண்ணையே ‘திறன்’ என்று பதிவேட்டில் எழுதி, மதிப்பெண்ணோடு மறந்துவிடும் வழக்கம் உண்டு. விலையுயர்ந்த கருவிகளை நான் கேட்கவில்லை. எந்த உணரி, எதனோடு ஒப்பிடப்பட்டது, ஐயப்பாடு எவ்வளவு என மூன்று கட்டங்களைப் பதிவேட்டில் சேர்ப்போம். அவற்றுக்கும் மதிப்பெண் தரட்டும். நாளை சோதனைக்கூடங்களில் நாம் இடும் கையெழுத்தை நம்பித்தான் சரக்கு கப்பலேறும். எண்ணோடு அதன் பிழையையும் எழுதுபவனே நேர்மையான அளவையாளன்!