மறுபடியும் கத்தியா?

சென்ற மாதம் ஒரு நாள் அதிகாலை, திருச்சியிலிருந்து மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கிய அத்தையின் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பகீர் என்றது. கண் இரண்டும் கோவைப் பழமாய்ச் சிவந்திருந்தன.

"ராத்திரி தூங்கலையா, அத்தே?"

பதில் மாமாவிடமிருந்து வந்தது. "கீழ் பெர்த்துதான் கிடைச்சுது. ஆனா உங்க அத்தை படுத்தாத்தானே! விருத்தாசலம் வரைக்கும் உட்கார்ந்து வந்தா. அப்புறம் கதவோரமா நின்னுக்கிட்டு வந்தா."

படுத்தால் புளித் தண்ணீர் தொண்டைக்கு ஏறி விடுகிறதாம். வீட்டில் நாலு தலையணையை அடுக்கிச் சாய்ந்துகொண்டுதான் உறக்கமாம். ஒன்றரை வருஷமாக இந்தக் கூத்து நடக்கிறது. அவளைப் பெற்ற என் பாட்டிக்குக்கூடத் தெரியாது.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு ஒரு கதை உண்டு. அத்தை கணக்கு டீச்சர். வயது 52. உயரம் 155 சென்டிமீட்டர். 2016-ல் அவளுடைய எடை 118 கிலோ. சர்க்கரை வியாதி வேறு. அந்த வருஷம் 'ஸ்லீவ்' என்கிற ஆபரேஷன் செய்துகொண்டாள். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் நீளவாட்டில் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சட்டைக் கை மாதிரி ஒரு குழாயாக விட்டுவிடுவார்கள். ஒன்றரை வருஷத்தில் அத்தை 79 கிலோவுக்கு இறங்கினாள். என் தங்கை கல்யாணத்தில் அவளைப் பார்த்து, "இது யாரு, மாப்பிள்ளை வீட்டுப் பெண்ணா?" என்று கேட்டவர்கள் உண்டு!

ஆபரேஷன் செய்த இடத்தில் அவளை நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, வரவேற்பறைச் சுவரில் மாட்டினார்கள். அத்தைக்கு அப்போது அது பெருமை. பிறகு அதுவே வினையாயிற்று. 2020-க்கு அப்புறம் எடை கொஞ்சங் கொஞ்சமாக ஏற ஆரம்பித்தது. "அந்தப் போட்டோவுக்குக் கீழே போய் எப்படிடா உட்கார்வேன்?" என்று வருஷாந்தரப் பரிசோதனைக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். வைட்டமின் மாத்திரையும் அதோடு நின்றது. இப்போது எடை 101. சர்க்கரையும் திரும்பிவிட்டது.

அன்று காப்பி குடித்து முடிப்பதற்குள் எங்கள் ஹாலில் மூன்று வைத்தியர்கள் கிளம்பிவிட்டார்கள். மாமா, "முதல்ல செஞ்சதே சரியில்லை. பிரிச்சு மறுபடி தைக்கச் சொல்லணும்" என்றார், ரவிக்கைக்குச் சொல்வது போல. பாட்டி, "வாயைக் கட்டினா வயித்தை ஏன் வெட்டணும்?" என்றாள். பெங்களூரிலிருந்து அத்தை பிள்ளை டெலிபோனில், "ஆபரேஷனே வேண்டாம், இப்பத்தான் ஊசி வந்துடுச்சே!" என்றான். அத்தை ஒன்றும் பேசவில்லை. டம்ளரைக் கழுவப் போய்விட்டாள்.

எனக்கு இருக்கிற ஒரே யோக்கியதை நாலு இடத்தில் படித்து விசாரிப்பது. ஒரு வாரம் அந்த வேலையைத்தான் செய்தேன்.

இந்த வைத்தியம் நேற்று வந்ததல்ல. 1966-ல் அமெரிக்காவில் ஐயோவா சர்வகலாசாலையில் எட்வர்ட் மேஸன் என்ற டாக்டர், இரைப்பைப் புண்ணுக்காக ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இளைத்துப்போவதைக் கவனித்து, உடல் பருமனுக்கே அப்படிச் செய்து பார்த்தார். அதுதான் பைபாஸ் முறைக்கு ஆரம்பம். அதற்கும் முன்னால், 1950-களில், குடலை மட்டும் குறுக்கிச் சேர்க்கும் ஒரு முறை இருந்தது. அதில் ஈரல் கெட்டுப் பலர் தவித்ததால், இணைத்ததைத் திரும்பப் பிரிக்க வேண்டி வந்தது. இரைப்பையின் கழுத்தில் சிலிகோன் பட்டை கட்டும் முறை ஒரு காலத்தில் ஓஹோ என்று நடந்தது. அந்தப் பட்டைகளைக் கழற்றும் வேலை பின்னால் டாக்டர்களுக்கு ஏராளம். ஆக, இரண்டாம் தடவை தியேட்டருக்குப் போகிறவள் உலகத்திலேயே அத்தை ஒருத்திதான் என்பதில்லை.

ஸ்வீடன் தேசத்தில் 1987-ல் தொடங்கிய ஓர் ஆராய்ச்சியில், ஆபரேஷன் செய்துகொண்ட சுமார் இரண்டாயிரம் பேரை வருஷக் கணக்கில் தொடர்ந்து எடை பார்த்திருக்கிறார்கள். பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் இரண்டு வருஷத்துக்குள் சராசரியாகத் தங்கள் எடையில் நூற்றுக்கு 32 பங்கு குறைந்தார்கள். பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் 25 பங்குதான் நின்றது. பட்டை கட்டிக்கொண்டவர்களுக்கு 20 பங்கு குறைந்து, 14-ல் வந்து நின்றது. இளைத்த உடம்பு சும்மா இருப்பதில்லை. பசியைக் கூட்டும், செலவைக் குறைக்கும். இழந்ததை வட்டியோடு வசூல் செய்யப் பார்க்கும்.

இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அத்தை காலண்டர் தாளைக் கிழித்து, பின்புறத்தில் கணக்குப் போட்டாள். 118-ல் 39 போனது, நூற்றுக்கு 33. திரும்பி வந்தது 22 கிலோ. நிகரம் 17, நூற்றுக்கு 14.

"பட்டை கட்டினவங்க கணக்குல வந்து நிக்கிறேன்" என்றாள். சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ நான் ஒருத்திதான் திருட்டுத்தனமாத் தின்னு கெடுத்துக்கிட்டேன்னு இல்லை."

அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அவளுக்கு எத்தனை வருஷம் ஆகியிருக்கிறது, பாருங்கள்!

மறுநாள் வேறு ஒரு டாக்டரிடம் போனோம். பழைய சீட்டு, பழைய ஆபரேஷன் குறிப்பு எல்லாவற்றையும் மாமா மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். டாக்டர் எடுத்த எடுப்பில் ஆபரேஷன் பேச்சே எடுக்கவில்லை. "எது பலிக்கவில்லை என்று தெரியாமல் எதை மாற்றுவது?" என்றார். குழாய் விரிந்துவிட்டதா, வேறு மருந்தால் எடை கூடுகிறதா, தைராய்டா, சாப்பாட்டு முறையா, அல்லது உடம்பே திருப்பிக் கேட்கிறதா? ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறாம். எண்டாஸ்கோப்பி ஒன்று, பேரியம் குடித்து எக்ஸ்ரே ஒன்று, ரத்தப் பரிசோதனை, எல்லாவற்றுக்கும் மேலே பத்து நாள் சாப்பாட்டுக் குறிப்பு, இவற்றைக் கேட்டார்.

அந்தக் குறிப்பைத்தான் அத்தைக்கு எழுத மனம் வரவில்லை. வாய்ப்பாடு ஒப்பிக்கத் தெரியாத பையன் மாதிரி நோட்டை ஒளித்து ஒளித்து வைத்தாள். ஆனால் கடைசியில் விஷயம் அதில்தான் பிடிபட்டது. காலை ஒரு இட்லி, மதியம் ஒரு கரண்டிச் சாதம். இதில் யார் பருப்பார்கள்? ஆனால் பத்தரை மணிக்கு இரண்டு பிஸ்கட். பன்னிரண்டுக்கு இரண்டு. நாலு மணிக்கு ரஸ்க். ராத்திரி பதினோரு மணிக்குப் பாலும் பிஸ்கட்டும். அதிகாலை இரண்டு மணிக்கு மறுபடியும் பிஸ்கட்!

"அந்த நேரத்தில் பசிக்கிறதா, அம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"பசி இல்லை, டாக்டர். எரியுது. ஏதாவது ஒண்ணு உள்ளே போனாக் கொஞ்சம் அடங்குது."

எண்டாஸ்கோப்பியும் அதையே சொல்லிற்று. குழாய் பிரமாதமாக ஒன்றும் விரியவில்லை. ஆனால் இரைப்பையின் மேல் முனை, மார்பையும் வயிற்றையும் பிரிக்கிற சவ்வுத் தசையின் துவாரம் வழியாக மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. உணவுக் குழாய் அடியில் புண்பட்டிருக்கிறது. ஸ்லீவ் செய்துகொண்டவர்களில் பலருக்கு இந்த எதுக்களிப்பு வருவது இப்போது தெரிந்த சங்கதி. குழாய் குறுகல், உள்ளே அழுத்தம் ஜாஸ்தி, அமிலத்துக்கு மேலே போவது சுலபம். பின்லாந்தில் 240 பேரைச் சீட்டுக் குலுக்கி, பாதிப் பேருக்கு ஸ்லீவும் பாதிப் பேருக்கு பைபாஸும் செய்து பத்து வருஷம் தொடர்ந்து பார்த்து, 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். உணவுக் குழாய்ப் புண் ஸ்லீவ்காரர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு. பைபாஸ்காரர்களில் 7 பேருக்கு. இதோடு அத்தை மூட்டு வலிக்கென்று தினம் விழுங்கிவந்த மாத்திரை வேறு எரிகிற இடத்தில் எண்ணெய் வார்த்திருக்கிறது.

மாமாவின் ரவிக்கை யோசனை அங்கேயே தள்ளுபடியாயிற்று. குழாயை மேலும் குறுக்கினால் எதுக்களிப்பு இன்னும் மோசமாகுமே தவிரக் குறையாது. ஊசியைப் பற்றியும் கேட்டோம். செமாக்ளூடைட் ஊசியை வாரம் ஒன்றாக 68 வாரம் போட்டவர்களுக்குச் சராசரியாக எடையில் நூற்றுக்கு 15 பங்கு குறைந்ததாக 2021-ல் வெளியான பரிசோதனை ஒன்று சொல்கிறது. டிர்செபடைடில் அதற்கும் மேலே. 2025-லிருந்து நம் ஊர் மருந்துக் கடையிலேயே உடல் பருமனுக்கு இவை கிடைக்கின்றன. எடை மட்டும்தான் தொந்தரவு என்றால் முதலில் இதைத்தான் யோசிக்கச் சொல்வாராம் டாக்டர். ஆனால் நிறுத்தினால், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு ஒரு வருஷத்துக்குள் திரும்பிவிட்டதாக அதே பரிசோதனையின் தொடர்ச்சியில் கண்டார்கள். மேலே ஏறிவிட்ட இரைப்பையை ஊசி கீழே இறக்காது என்பது இன்னொன்று. அத்தை பிள்ளை சொன்னதில் தப்பில்லை. அவனுக்குத் தலையணைக் கதை தெரியாது, அவ்வளவுதான்.

மிஞ்சியது பைபாஸ். மேலே ஏறினதைக் கீழே இழுத்து, துவாரத்தைத் தைத்து, குழாயின் மேல் பகுதியில் ஓர் அவுன்ஸ் பிடிக்கிற சின்னப் பை ஒன்றைப் பிரித்துக் குடலோடு நேரே இணைப்பது. அடியில் மிஞ்சுகிற பாகம் உள்ளேயே இருக்கும். அதன் அமிலம் கீழ் வழியாகவே போய்விடும்.

இந்த இடத்தில்தான் அத்தை டீச்சராக மாறினாள். "நீங்க ரெண்டாவது தடவையா இதை எத்தனை பேருக்குச் செஞ்சிருக்கீங்க? அதில எத்தனை பேரைத் திரும்பத் தியேட்டருக்குக் கொண்டுபோனீங்க? எனக்கு எத்தனை கிலோ குறையும்?"

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. பதிவேட்டைத் திறந்து பதில் சொன்னார். அந்த ஒன்றுக்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது. பிறகு தாமாகவே சொன்னார்: ஏற்கெனவே வெட்டி ஒட்டின இடம், சதை ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும், கசிவு, ரத்தப் போக்கு, அடைப்பு, எல்லா அபாயமும் முதல் தடவையைவிட ஜாஸ்தி. குறைகிற எடையோ முதல் தடவையைவிடக் கம்மி. "திரும்ப 79-ஐப் பார்ப்பீர்கள் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். எரிச்சல் நிற்கும் என்பதற்குத்தான் நல்ல நம்பிக்கை உண்டு. அதற்கும் நூற்றுக்கு நூறு இல்லை."

இரும்பு, கால்சியம், பி-12 மாத்திரைகளை ஆயுசு பூராவும் நிறுத்தக் கூடாது. மூட்டு வலிக்கு இதுவரை விழுங்கின மாத்திரை அறவே கூடாது. இணைத்த இடத்தில் புண் வந்துவிடும். இனிப்பை அவசரமாகச் சாப்பிட்டால் படபடப்பும் மயக்கமும் வரும். வருஷா வருஷம் ரத்தப் பரிசோதனைக்கு வந்தே ஆகவேண்டும்.

"இதெல்லாம் முதல் தடவை யாரும் இப்படி உட்கார வெச்சுச் சொல்லலையே" என்றாள் அத்தை. சொல்லியிருக்கலாம், எதிரே சுவர் நிறைய படங்கள் இருந்தபோது காதில் விழாமலும் போயிருக்கலாம். எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தும் விவாதம் ஓயவில்லை. பாட்டி மட்டும் தோசை வார்த்துக்கொண்டே, "ரெண்டு மணிக்கு எழுந்து பிஸ்கட் தின்கிற அளவுக்கா எரியுது? என்கிட்டே சொல்லக் கூடாதா, பாவி?" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் வாயைக் கட்டுகிற பேச்சை எடுக்கவில்லை. மாமா இன்ஷூரன்ஸ் பாலிஸியைப் பூதக் கண்ணாடி வைத்துப் படித்தார். எடைக்கான ஆபரேஷன் என்றால் ஒரு விதி, எதுக்களிப்புக்கு என்றால் ஒரு விதி. டாக்டர் என்ன எழுதித் தருகிறார் என்பதைப் பார்த்துக் கம்பெனிக்காரர்களிடம் எழுத்து மூலமாக முன்கூட்டியே சம்மதம் வாங்குவதென்று முடிவாயிற்று. அதில் மாமா கெட்டிக்காரர்.

அத்தை மூன்று நாள் யோசித்தாள். நாலாம் நாள் காலையில் என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"செஞ்சுக்கிறேண்டா. எடைக்காக இல்லை. எடை குறைஞ்சா வரவு. குறையலேன்னா ஊசியைப் பத்தி அப்புறம் கேட்டுக்கலாம்னு டாக்டரே சொல்லியிருக்கார். எனக்கு ராத்திரி படுத்துத் தூங்கணும்."

உடனே தேதி குறிக்கவில்லை. ரத்தத்தில் பி-12-ம் இரும்பும் ரொம்பக் குறைவு; அதைச் சரிப்படுத்தி, சர்க்கரையை ஒரு கட்டுக்குள் கொண்டுவந்த பிறகுதான் தியேட்டர் என்று டாக்டர் இரண்டு மாதத் தவணை கொடுத்திருக்கிறார். எரிச்சலுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார், பாதி அடங்கியிருக்கிறது. பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமில் பிஸ்கட் டப்பா வேறு பீரோவுக்கு மாறியிருப்பதாக மாமா எழுதியிருந்தார். புதிய டாக்டரிடம் அத்தை போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: போட்டோ எடுக்கக் கூடாது.

நேற்று டெலிபோனில் கூப்பிட்டு, டிக்கெட் எடுக்கச் சொன்னாள்.

"வர்றதுக்குப் பகல் வண்டி போதும். உட்கார்ந்தே வந்துடுவேன். திரும்பறதுக்கு மட்டும் ராத்திரி வண்டியாப் பாரு. கீழ் பெர்த்து."