மது வாங்கும் வயதைக் குறைக்கலாகாது: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

மதுவை விலைக்கு வாங்க ஒருவருக்கு எத்தனை வயது நிரம்பியிருக்க வேண்டும் என்னும் கேள்விக்கு நம் தேசம் ஒரே விடையை ஒருபோதும் அளித்ததில்லை. மதுபானங்களை அரசியல் சாசனம் மாநிலங்களின் அதிகாரத்தில் வைத்திருப்பதால், கோவாவிலும் புதுச்சேரியிலும் 18 வயது போதும் என்றிருக்க, தமிழ்நாட்டில் 21 என்றும், கேரளத்தில் 2017 முதல் 23 என்றும், பஞ்சாபில் 25 என்றும் சட்டங்கள் வெவ்வேறாக நிற்கின்றன. ஹரியானா 2021இன் இறுதியில் 25ஐ 21ஆகக் குறைத்துவிட்டது. கர்நாடகத்திலோ 21ஐ 18ஆக இறக்கும் யோசனை 2023இன் தொடக்கத்தில் எழுந்து, ஜனங்களின் பலத்த ஆட்சேபத்தால் கைவிடப்பட்டது. பிற மாநிலங்களில் இத்தகைய மாறுதல்கள் பேசப்படும்போதெல்லாம், நம்முடைய வயது வரம்பையும் தளர்த்திவிட்டால் என்ன என்ற பேச்சு இங்கும் தலைதூக்குகிறது. கடலூர் வட்டாரத்துப் பெற்றோரும் ஆசிரியரும் ஓய்வுபெற்ற ஊழியரும் கூடி நடத்திவரும் எங்கள் சங்கம், தன் உறுப்பினர்களின் அபிப்பிராயங்களைப் பல அமர்வுகளில் கேட்டறிந்த பின், தமிழ்நாட்டின் 21 வயது வரம்பு அணுவளவும் குறைக்கப்படலாகாது என்றும், புதுச்சேரியின் 18 வயது வரம்பு 21ஆக உயர்த்தப்பட வேண்டும் என்றும், அந்த வரம்பைக் காக்கும் பாரம் விற்பவர் மீதும் வாங்கிக் கொடுக்கும் பெரியவர் மீதும் விழவேண்டுமேயன்றிப் பிள்ளைகள் மீது விழலாகாது என்றும் பகிரங்கமாக அறிவிக்கிறது.

எதிர்த்தரப்பில் சொல்லப்படும் வாதங்களுள் மிகவும் செல்வாக்குடையது சட்ட நூல்களிலிருந்து பிறப்பதன்று, மனிதர்களின் ஞாபகத்திலிருந்து பிறப்பது. "நாங்களும் மீசை முளைக்குமுன் குடித்தவர்கள்தாம்; எங்களுக்கு என்ன கெட்டுவிட்டது?" என்று நல்ல உத்தியோகத்தில் இருந்து ஓய்வுபெற்றவர்களும், பேரன் பேத்தி எடுத்தவர்களும் கேட்கும்போது, கேட்டுக்கொண்டிருக்கும் இளைஞனுக்கு அதைக் காட்டிலும் பெரிய அத்தாட்சி வேறு வேண்டியதில்லை. கோயில் திருவிழாவின் இரவு, கல்யாண வீட்டின் பின்கட்டு, கிரிக்கெட் பந்தயத்தில் ஜெயித்த மாலை என்று அந்தக் கதைகள் யாவும் ஒரு கொண்டாட்டத்தின் வெளிச்சத்தில் நடப்பவை. பால்யத்தின் மற்றச் சந்தோஷங்களோடு கலந்துவிட்டதால் அவற்றில் அச்சமோ வெட்கமோ எஞ்சியிருப்பதில்லை.

எங்கள் அமர்வொன்றில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் அனுபவத்தைச் சொன்னார். 1971இல் மதுவிலக்கு ஒத்திவைக்கப்பட்டுக் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் திறக்கப்பட்டபின், எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த அவரையும் மூன்று தோழர்களையும் ஒருவனுடைய தாய்மாமன் கள்ளுக்கடைக்கு அழைத்துச் சென்றார். கோணிப் படுதாவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனதும், மண்மொந்தையிலிருந்து ஊற்றிய கள்ளின் புளித்த மணமும், வாழையிலைத் துண்டில் வைத்த சுண்டலும், ஒரே பலகையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த நால்வரின் சிரிப்பும் இன்றும் அவருக்குப் பிரத்தியட்சமாக இருக்கின்றன. அந்தக் கதையை அவர் பல இடங்களில் பலமுறை சொல்லியிருக்கிறாராம். மற்ற மூவரும் இப்போது எங்கே என்று எங்கள் உறுப்பினர் ஒருவர் வினவியபோது, சற்று நேரம் மௌனமாயிருந்துவிட்டு, ஒருவர் வெளியூரில் சுகமாக இருக்கிறார் என்றும், ஒருவர் 40 வயதைத் தாண்டிய சில வருஷங்களில் கல்லீரல் கெட்டு மாண்டார் என்றும், மற்றொருவர் வேலையையும் குடும்பத்தையும் இழந்து எங்கோ போய்விட்டார் என்றும் சொன்னார். முதல் நாள் கள்தான் அவர்களை அழித்தது என்று நாங்கள் துணிந்து சொல்லமாட்டோம். இடையில் எத்தனையோ காரணங்கள் புகுந்திருக்கலாம். ஆனால் இளவயதுக் குடியைப் பற்றிய கதைகளைச் சபையில் சொல்லுவதற்கு மிஞ்சியிருப்பவர்கள் தப்பிப் பிழைத்தவர்கள் மட்டுமே என்பதும், அழிந்துபோனவர்களின் சாட்சியம் ஒருபோதும் சபைக்கு வருவதில்லை என்பதும் அன்று எங்கள் அனைவருக்கும் தெளிவாயிற்று. அப்படிப்பட்ட ஒருதலைச் சாட்சியத்தை வைத்துக்கொண்டு சட்டம் இயற்றுவது நியாயமாகாது.

அந்த ஞாபகங்களை இன்றைய நிலைமையோடு ஒப்பிடுவதிலும் பெருந்தவறு இருக்கிறது. தமிழ்நாட்டில் இப்போது கள்ளும் சாராயமும் சட்டப்படி விற்பனைக்கு இல்லை. இன்று 17 வயதுப் பையன் முதன்முதலாகக் குடிக்க நேர்வது பெரும்பாலும் பிராந்தியோ விஸ்கியோதான். அவற்றின் சீசாவில் நூற்றுக்கு 42.8 பங்கு சாராயச் சத்து என்று அச்சிட்டிருக்கிறது. குவாட்டர் என்று எல்லோரும் சொல்லும் 180 மில்லி சீசாவைக் கணக்கிட்டால், அதனுள் சுமார் 77 மில்லி சுத்தமான சாராயச் சத்து அடங்கியிருக்கிறது. கள்ளில் நூற்றுக்கு ஐந்து பங்கு என்று வைத்துக்கொண்டாலும், அந்த ஒரு சீசாவுக்கு ஈடாக ஒன்றரை லிட்டர் கள் குடித்தாக வேண்டும். கள்ளுக்கடையில் வயிறு நிறைந்து எழுந்துவிட்ட பழைய சிறுவனுக்கும், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், யாரும் பார்த்துவிடுவார்களோ என்ற பதற்றத்தில், பிளாஸ்டிக் தம்ளரில் தண்ணீர் பாதியும் பிராந்தி பாதியுமாகக் கலந்து ஒரே மூச்சில் விழுங்கிவிடும் இன்றைய சிறுவனுக்கும் இடையே உள்ள வித்தியாசம் இவ்வளவு பெரிது. மேல்நாடுகளில் சாப்பாட்டு மேஜையில் பெற்றோர் முன்னிலையில் பிள்ளைகள் சிறிது திராட்சை மது அருந்திப் பழகுவதை உதாரணம் காட்டுவோரும் இதைச் சிந்திக்க வேண்டும். வீட்டுக்குத் தெரியாமல், பசித்த வயிற்றில், போதை ஏறுவதையே நோக்கமாகக் கொண்டு உக்கிரமான மதுவைக் குடிக்கும் வழக்கமே நம்மிடையே வேரூன்றியிருக்கிறது.

18 வயதில் ஓட்டுப் போட உரிமையுள்ளவருக்கு மது வாங்க மட்டும் உரிமை மறுக்கலாமா என்னும் கேள்வி கௌரவமானது. அதை அலட்சியம் செய்ய நாங்கள் விரும்பவில்லை. 61ஆவது அரசியல் சாசனத் திருத்தத்தால் 1989இல் ஓட்டுரிமை வயது 21லிருந்து 18ஆகக் குறைந்ததை எங்கள் சங்கத்தார் மனப்பூர்வமாக வரவேற்பவர்கள். எனினும் எல்லா உரிமைகளும் ஒரே பிறந்தநாளில் வந்து சேரவேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் விதிக்கவில்லை. ஆண்மகன் விவாகம் செய்துகொள்ள நம் சட்டம் இன்னமும் 21 வயதையே கேட்கிறது. ஜப்பான் தேசம் 2022 ஏப்ரலில் வயதுவந்தோர் என்னும் அந்தஸ்தை 20லிருந்து 18க்கு இறக்கியபோதும், மது அருந்தும் வயதை மட்டும் 20லேயே நிறுத்திக்கொண்டது. முன்யோசனைக்கும் சுயகட்டுப்பாட்டுக்கும் ஆதாரமான மூளைப் பகுதிகள் இருபதுகளின் நடுப்பகுதி வரையிலும் வளர்ந்துகொண்டிருக்கின்றன என்று வைத்திய விஞ்ஞானம் சொல்வதையும், பழகும் வயது எவ்வளவு இளமையோ அவ்வளவுக்குப் பிற்காலத்தில் அடிமைப்படும் அபாயம் மிகுதி என்பதையும் வைத்துப் பார்த்தால், மூன்று வருஷ தாமதம் எந்த இளைஞனுக்கும் இழைக்கப்படும் அநீதியாகாது.

குறைத்துப் பார்த்தால் என்ன நேரும் என்பதை அனுமானிக்க வேண்டிய அவசியமும் இல்லை. அமெரிக்கா அதைச் செய்து பார்த்துவிட்டது. 1971இல் அங்கே ஓட்டுரிமை வயது 18ஆக்கப்பட்டதை ஒட்டி, 1970க்கும் 1975க்கும் இடையே 29 மாநிலங்கள் மது வயதையும் 18, 19, 20 என்று தளர்த்தின. பக்கத்து மாநிலங்கள் 21லேயே நின்றதால், மாலை நேரங்களில் இளைஞர்கள் மோட்டார்களில் எல்லையைக் கடந்து சென்று குடித்துவிட்டு, அதே மோட்டார்களை ஓட்டிக்கொண்டு திரும்பினார்கள். அந்தச் சாலைகளுக்கு அங்குள்ளவர்களே "ரத்த எல்லைகள்" என்று பெயரிடும்படி விபத்துகள் பெருகின. மிச்சிகன் மாநிலத்து வாக்காளர்கள் 1978லேயே வரம்பை மீண்டும் 21ஆக உயர்த்தினார்கள். பின்னர், மதுவெறியில் வண்டியோட்டுவோரால் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களின் கிளர்ச்சி வலுத்து, 21க்குக் கீழ் விற்கும் மாநிலங்களின் நெடுஞ்சாலை மானியத்தில் ஒரு பங்கைப் பிடித்துவைக்கும் சட்டத்தில் 1984 ஜூலையில் ஜனாதிபதி ரீகன் கையொப்பமிட்டார். 19 வயதினருக்குப் பீர் விற்றுவந்த தெற்கு டகோட்டா அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரையில் சென்று 1987இல் தோற்றது. 1988க்குள் எல்லா மாநிலங்களும் 21க்கு வந்துவிட்டன. 2008இல் அந்நாட்டின் 100க்கும் மேற்பட்ட கல்லூரித் தலைவர்கள், இந்த வரம்பு மாணவர்களின் குடியை மறைவிடங்களுக்குத் துரத்தி மிதமிஞ்சச் செய்கிறது என்று கூறி மறுவிசாரணை கோரினார்கள். அவர்களுடைய கவலை உண்மையானது. ஆயினும் சட்டம் மாறவில்லை. சாலைகளில் காப்பாற்றப்பட்ட உயிர்களைப் பணயம் வைக்க யாரும் துணியவில்லை.

அந்த ரத்த எல்லை எங்கள் வாசலிலேயே இருக்கிறது. கடலூரிலிருந்து வடக்கே சென்றால் முள்ளோடையில் புதுச்சேரிப் பிரதேசம் ஆரம்பமாகிவிடுகிறது. சரக்கின் விலையும் அங்கே குறைவு, கேட்கும் வயதும் குறைவு. சனி, ஞாயிறு மாலைகளில் இரு சக்கர வாகனங்களில் மூவர் மூவராக நெருக்கிக்கொண்டு போகும் பிள்ளைகளை எங்கள் உறுப்பினர்கள் வாரந்தோறும் பார்த்துவருகிறார்கள். எங்கள் சங்கத்துத் தாய் ஒருவரின் 19 வயது மகன் அப்படிப் போய், திரும்பும் வழியில் லாரியின் பின்புறத்தில் மோதி இறந்தான். சட்டைப் பையில் இருந்த ஓட்டுநர் உரிமத்தை வைத்துத்தான் போலீஸார் அவன் யாரென்று அறிந்து வீட்டுக்குத் தகவல் சொன்னார்கள். பிறந்த தேதி தெளிவாக அச்சிட்டிருந்த அந்த அட்டையைக் கடைக்காரர் கேட்டுப் பார்த்திருந்தாலும் விற்பதில் குற்றம் இல்லை. எல்லைக்கு இந்தப்பக்கம் குற்றமான விற்பனை, அந்தப்பக்கம் சட்டபூர்வமான வியாபாரம். ஒரே மொழி பேசி, ஒரே சாலையில் நடந்து, ஒருவருக்கொருவர் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஜனங்களுக்கு நடுவே இப்படியொரு மூன்று வருஷ இடைவெளியை விட்டுவைப்பது எந்தச் சர்க்காருக்கும் அழகன்று. புதுச்சேரியின் சுற்றுலா வருமானம் குறையும் என்கிறார்கள். 18க்கும் 21க்கும் இடைப்பட்ட பிள்ளைகளின் பணத்தை நம்பித்தான் ஒரு பிரதேசத்தின் பொக்கிஷம் நிரம்ப வேண்டுமென்றால், அந்த வருமானம் குறைவதே நலம்.

இனித் தமிழ்நாட்டின் நிலைமை. 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு விற்கலாகாது என்று 2003ஆம் வருஷத்துச் சில்லறை விற்பனை விதிகள் கூறுகின்றன. கடைகளில் அறிவிப்புப் பலகையும் தொங்குகிறது. ஆனால் கம்பிக் கதவின் சந்தில் பணத்தை நீட்டும் கைக்கு உரியவனின் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் சீசாவைத் தள்ளுவதே நாங்கள் நாள்தோறும் காணும் நடைமுறை. கூட்டத்தில் அடையாள அட்டை கேட்பது சாத்தியமில்லை என்கிறார்கள். காலிச் சீசாக்கள் காட்டிலும் வயலிலும் கிடந்து கேடு விளைப்பதைத் தடுக்க, உயர் நீதிமன்றத்தின் தூண்டுதலால் 2022இல் நீலகிரியில் தொடங்கிப் பிற மாவட்டங்களுக்கும் பரவிய திட்டத்தின்படி, சீசாவுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, ஒட்டுச்சீட்டு ஒட்டி, திருப்பிக் கொடுத்தவருக்கு அந்தப் பத்து ரூபாயைத் திரும்பக் கொடுக்க இதே கடைகளால் முடிகிறது. சீசாவுக்கு அடையாளம் வைத்துக் கணக்குப் பார்க்க முடிந்த நிர்வாகத்துக்கு, வாங்குபவரின் அட்டையை ஒரு கணம் பார்ப்பது இயலாத காரியமாகாது. ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் தரும் இந்த வியாபாரத்தை நடத்துவது சர்க்காரேயாதலால், தனியாரைக் கட்டுப்படுத்த முடியவில்லை என்ற சமாதானமும் இங்கே செல்லாது. இளமுகமாய்த் தோன்றும் ஒவ்வொருவரிடமும் அட்டை கேட்க வேண்டும்; கேட்டுவிட்டு மறுக்கும் ஊழியரைத் தாக்குவோர் மீது உடனே நடவடிக்கை வேண்டும்; விற்பனை இலக்கு குறைந்ததென்று அந்த ஊழியரை யாரும் கடிந்துகொள்ளலாகாது.

பெரியவர்களின் பொறுப்பையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அப்பா அனுப்பினாரென்று பையன் கடைக்குப் போய்ச் சீசாவைக் காகிதத்தில் சுற்றி வாங்கிவருவதும், தீபாவளியன்று சித்தப்பா மிச்சத்தை ஊற்றிக் கொடுத்து வேடிக்கை பார்ப்பதும் நம் வீடுகளில் சாதாரணமாக நடக்கின்றன. 18 வயது நிரம்பாத பிள்ளைக்கு மது கொடுப்பவருக்கு, 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆவது பிரிவின்படி ஏழு வருஷம் வரையில் கடுங்காவலும் ஒரு லட்ச ரூபாய் வரையில் அபராதமும் உண்டு. பிள்ளையைக்கொண்டு மதுவைச் சுமக்கவைப்பவருக்கும் 78ஆவது பிரிவு அதே தண்டனையை விதிக்கிறது. இந்தப் பிரிவுகளைப் பற்றிப் பள்ளிப் பெற்றோர் கூட்டங்களில் கூறும்போது, பெரும்பாலோர் முதன்முறையாகக் கேள்விப்படுகிறார்கள் என்பதை எங்கள் ஆசிரியர் உறுப்பினர்கள் கண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு பள்ளியின் அறிவிப்புப் பலகையிலும், ஒவ்வொரு மதுக்கடையின் முகப்பிலும் இவ்விரு பிரிவுகளும் எளிய தமிழில் எழுதிவைக்கப்பட வேண்டும்.

குடித்து அகப்பட்ட பிள்ளையின் விஷயத்தில் எங்கள் சங்கம் மிகுந்த கண்டிப்புடன் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறது. சீருடையில் தள்ளாடும் மாணவனைக் கைப்பேசியில் படம் பிடித்து ஊரெங்கும் பரப்புவதும், மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்துப் பள்ளியிலிருந்து துரத்துவதும் அவனை அந்தக் கடையின் நிரந்தர வாடிக்கையாளனாக ஆக்கும் காரியங்கள். அவனுக்கு விற்றவர் யார், வாங்கிக் கொடுத்தவர் யார் என்பதையே போலீஸார் விசாரிக்க வேண்டும். பையனை மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் பெற்றோரோடு அனுப்பிவைத்து, அவன் வகுப்பில் அவனுடைய இடத்தைக் காலியாகவே வைத்திருக்க வேண்டும். இந்த அறிக்கையின் பிரதிகளைத் தமிழ்நாட்டின் மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறைக்கும், புதுச்சேரியின் கலால் துறைக்கும், கடலூர், விழுப்புரம் மாவட்ட ஆட்சியர்களுக்கும் அனுப்புகிறோம். வரும் கல்வியாண்டு தொடங்குவதற்குள் அட்டை கேட்கும் முறையை எல்லையோரக் கடைகளில் முதலில் அமல்படுத்துமாறும், அதன் முன்னேற்றத்தை மாதந்தோறும் பகிரங்கப்படுத்துமாறும் வேண்டுகிறோம்.