கொக்குக்குச் சொந்தக்காரன் யார்?

மழைக்காலம் ஓய்ந்ததும் செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்குப் போய்ப் பாருங்கள். கொக்கு, நாரை, நீர்க்காகம், கூழைக்கடா என்று கண் நிறையப் பறவைகள்! வடக்கே தூர தேசங்களிலிருந்து வந்த வாத்துகளும் தண்ணீரில் மிதக்கும். பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது காசில்லாத காட்சி.

ஆனால் பார்க்க மட்டுமே எல்லோரும் வருவதில்லை. காற்றுத் துப்பாக்கியோடு வருகிறவர்கள் உண்டு. கண்ணி வைக்கிறவர்களும் உண்டு. கேட்டால், "ஏரி பொதுச் சொத்துதானே? கொக்குக்குச் சொந்தக்காரன் யார்? அமெரிக்காவில் மானையே சுடுகிறார்களே!" என்பார்கள்.

அமெரிக்காவில் சுடுவது உண்மைதான். எப்படிச் சுடுகிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த நாட்டின் மேற்குப் பகுதியில் ஒரு வகை மான் உண்டு. கோவேறு கழுதையைப் போல நீண்ட காது. அதனால் பெயரே "கோவேறு கழுதை மான்"! அரசாங்க நிலத்தில் அதை வேட்டையாடலாம். ஆனால் லைசென்ஸ் வேண்டும். பல இடங்களில் குலுக்கலில் பெயர் விழ வேண்டும். எந்த வட்டாரம், எந்தத் தேதி, ஆணா பெண்ணா என்பதெல்லாம் சீட்டில் எழுதியிருக்கும். சீசன் திறந்த அன்று கூட்டம் நெரியும். மான்களோ சாலை இல்லாத மேட்டுக்கு ஓடிவிடும். ஆகவே வேட்டைக்காரர் பல மாதம் முன்பே வரைபடத்தைப் பார்த்துத் திட்டம் போடுகிறார். இருட்டிலேயே எழுந்து மைல் கணக்கில் நடக்கிறார். துப்பாக்கி, தோட்டா மீது விதிக்கும் வரியில் ஒரு பங்கு, 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி வனவிலங்குப் பாதுகாப்புக்கே போகிறது.

அங்கே நிலம் பரந்தது. இங்கே ஏரிக்கரையைத் தொட்டுக்கொண்டு வீடு நிற்கிறது! குறி தப்பினால் யார் வீட்டுப் பிள்ளைமேல் படும்?

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டிலும் லைசென்ஸ் காலம் ஒன்று இருந்தது. நீலகிரியில் வேட்டைக்கென்றே 1879-ல் சட்டம் போட்டார்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதிலும் சில பிராணிகளுக்கு லைசென்ஸ் இருந்தது. 1991-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். இப்போது பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமே இல்லை. உயிருக்கோ பயிருக்கோ கேடு செய்யும் பிராணியைக் கொல்லவும் வனத்துறை அதிகாரியின் உத்தரவு வேண்டும். மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சில பிராணிகளுக்குத் தண்டனை இன்னும் கடுமை. கண்ணி வைத்துப் பிடிப்பதும் சட்டத்தின் கண்ணில் வேட்டைதான்.

"சட்டம் டில்லியில் போட்டது, நமக்கென்ன?" என்பவர்கள் வேடந்தாங்கலை நினைக்க வேண்டும். அது நம் செங்கல்பட்டுச் சீமை. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அந்த ஏரியில் நாரைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் பொறுக்கவில்லை. கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டார்கள். 1798-ல் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கினார்கள். டில்லிச் சட்டத்துக்கு 174 ஆண்டு முந்தியது இது! அவர்கள் கணக்கு எளிது: பறவையின் எச்சம் ஏரித் தண்ணீரில் கலக்கிறது, அந்தத் தண்ணீர் பாய்ந்த வயலுக்குத் தனியாக எரு வேண்டாம். துப்பாக்கிக்காரனுக்கு ஒரு வேளைக் கறி. ஊருக்கோ ஒரு போகம் நெல்.

வயிற்றுக்காக வேட்டையாடியவர்கள்

ஒரு விஷயத்தில் நாம் நியாயமாக நடந்துகொள்ளவில்லை. நரிக்குறவர்களைத்தான் சொல்கிறோம். குருவிக்காரர் என்று பெயரே பெற்ற மக்கள் அவர்கள். காடை, கௌதாரி, முயல் பிடித்துப் பிழைத்தார்கள். சட்டம் வந்தது, தொழில் போயிற்று. மாற்றுத் தொழில் அதே வேகத்தில் வரவில்லை. ஊசி, பாசிமணியோடு பஸ் நிலையத்தில் நிற்கிறார்கள். பழங்குடிப் பட்டியலில் அவர்களைச் சேர்க்க 2023 வரை ஆயிற்று. ஆவடியிலும் அவர்கள் குடியிருப்பு உண்டு.

பொழுது போகாமல் கொக்கைச் சுடும் வாலிபனையும், பிழைப்பு இழந்த இந்தக் குடும்பத்தையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. முதலாமவனுக்கு அபராதம் போடுங்கள். இரண்டாமவருக்குக் கடன் கொடுங்கள், கடை கொடுங்கள். எந்தப் பறவை எந்தப் புதரில் கூடு கட்டும் என்று அவர்களைவிட அறிந்தவர் யார்? ஏரிக் காவலுக்கு அவர்கள் வீட்டுப் பிள்ளைகளையே சம்பளத்துக்கு வைக்கலாமே!

ஆவடி மாநகராட்சியும் பூந்தமல்லி நகராட்சியும் ஒன்று செய்யட்டும். ஒவ்வொரு ஏரிக்கரையிலும் பெரிய எழுத்தில், எளிய தமிழில் பலகை வைக்கட்டும்: இங்கே வேட்டை குற்றம், தண்டனை இன்னது, சொல்ல வேண்டிய இடம் இன்னது. கண்ணியைப் பார்த்தால் நீங்களாகச் சண்டைக்குப் போக வேண்டாம். வனத்துறைக்கோ போலீஸ் நிலையத்துக்கோ சொல்லுங்கள். சாலையோரம் மடையான் கறி விற்றால் வாங்காதீர்கள்.