தூங்குமூஞ்சி மரத்தடியில்

தைப்பிங் ஏரிப் பூங்காவைச் சுற்றி நிற்கும் பெருமரங்களை நாம் தூங்குமூஞ்சி மரம் என்கிறோம். மலாய்க்காரர்களுக்கு அது 'புக்குல் லீமா', ஐந்து மணி மரம். பொழுது சாய்ந்தால் இலையைக் கூப்பிக்கொள்ளும். மேகம் கவிந்தால் பகலிலும் கூப்பும். ஈயம் தோண்டிய பள்ளங்களை 1880-இல் பூங்காவாக மாற்றிய இடம் இது. கிளைகள் இன்று சாலையைத் தாண்டி ஏரித் தண்ணீரைத் தொடுகின்றன. பிள்ளைகளை வெளியே கூட்டிப் போவதென்றால் இந்த ஊர்க்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவதும் இதுதான்.

அண்மையில் ஒரு காலை அங்கே ஒரு பாலர் பள்ளிக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டரைக்கு வந்து இறங்கினார்கள். ஓட்டம், பந்து, பாட்டு, மறுபடி ஓட்டம். பத்து மணி வாக்கில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் மெல்ல விலகி, மர வேரின் இடுக்கில் போய் உட்கார்ந்தான். கீழே கிடந்த கறுப்பு நெற்று ஒன்றைப் பிளந்தான். உள்ளே பிசுபிசுவென்றிருந்ததை விரலில் ஒட்டி ஒட்டிப் பார்த்தான். பிறகு விதைகளைப் பிதுக்கி, வேரின் மேல் வரிசையாக அடுக்கத் தொடங்கினான். ஏழாவது விதையை வைக்கும்போது ஆசிரியையின் குரல்: "ஏன் தம்பி தனியா உட்கார்ந்திருக்க? வா, வந்து எல்லாரோடயும் விளையாடு." அன்பாகத்தான் கூப்பிட்டார். பையனும் போனான். ஐந்து நிமிடத்தில் பக்கத்துப் பிள்ளையைப் பிடித்துத் தள்ளிவிட்டான். அதற்குத் தண்டனை, மரத்தடியில் போய்ச் சும்மா உட்கார வேண்டும்.

தானாகத் தேடிப் போனபோது கிடைக்காத இடம், தப்பு செய்த பிறகு கிடைத்தது. அந்த ஆசிரியையைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானே இதை எத்தனையோ முறை செய்திருக்கிறேன். நம் கால அட்டவணையே அப்படித்தான் பழக்கியிருக்கிறது. ஒன்பதிலிருந்து பத்தரை வரை விளையாட்டு, பன்னிரண்டுக்கு ஓய்வு. ஓய்வு என்றால் உள்ளே, பாய் விரித்து, விளக்கை அணைத்து. வெளியில் ஒரு பிள்ளை சும்மா இருந்தால் நமக்குக் கை துறுதுறுக்கிறது.

களைத்த பிள்ளை சோர்ந்து உட்காரும் என்று எதிர்பார்ப்பதுதான் முதல் பிழை. பெரும்பாலும் அது இன்னும் வேகமாக ஓடும். சிரிப்பு கிறீச்சென்று ஏறும், கால் தடுக்கும், சின்னதற்கும் அழும், கை நீளும். தைப்பிங்கின் புழுக்கத்தில் வியர்வை உலர்வதில்லை, அதனால் உடம்பு குளிர்வதுமில்லை. சின்ன உடம்புக்குச் சூடு சீக்கிரம் ஏறிவிடும்; விளையாட்டு மும்முரத்தில் தண்ணீர் கேட்கவும் தோன்றாது.

3, 4 வயதினருக்கு நாளொன்றுக்கு 180 நிமிட உடல் அசைவு வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் வேகத்தில் இருக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். இந்த இரண்டு எண்களும் நம் ஆசிரியர் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழுகின்றன. அதே ஆவணம் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேர உறக்கம் கேட்கிறது. அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. 180 நிமிடம் ஒரே மூச்சில் முடிக்க வேண்டிய கணக்குமல்ல, நாள் முழுக்கச் சிதறிக் கிடக்க வேண்டியது.

வெளியில் ஓய்வு என்பது புதிதல்ல. லண்டனின் டெப்ட்ஃபோர்டில் 1914-இல் மார்கரெட் மெக்மில்லன் தொடங்கிய திறந்தவெளிப் பள்ளியில் பிள்ளைகள் மதியம் வெளியிலேயே கட்டிலில் உறங்கினார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பேராக் தோட்டங்களில் பிறந்தவர்களுக்கு ஆயாக் கொட்டகை தெரியும். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போகும் தாய், தூக்கம் கலையாத பிள்ளையை அங்கே விட்டுவிட்டுப் பால்மரம் வெட்டப் போவாள். மேலே கூரை, பக்கங்களில் காற்று, உத்தரத்தில் தொங்கும் துணித் தொட்டில்கள், வாசலுக்கு வெளியே மண். தூங்குகிறவன் தூங்க, ஆடுகிறவன் ஆட, நடுவில் கதவு கிடையாது. அந்தக் கொட்டகையைத் தூக்கிவைத்துக் கொண்டாட நான் வரவில்லை. ஒரே ஆயா, அளவுக்கு மீறிய பிள்ளைகள், ஈ, சொறி சிரங்கு எல்லாம் அங்கே இருந்தன. ஆனால் ஓய்வும் விளையாட்டும் ஒரே கண்பார்வைக்குள் இருந்த அந்த அமைப்பை, சிமெண்டுக் கட்டடத்துக்கு வந்தபோது நாம் கைவிட்டுவிட்டோம்.

தைப்பிங்குக்கு அந்தக் கூரை இன்னொரு காரணத்துக்காகவும் வேண்டும். ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் இது, அதுவும் பிற்பகலில் இடியோடு. இடி காதில் விழுந்துவிட்டால் எந்த மரத்தடியும் ஒதுங்கும் இடமல்ல, நேரே கட்டடத்துக்குள் போக வேண்டும். வெறும் தூறலுக்குப் பக்கம் திறந்த கொட்டகை போதும். கூரையில் மழை விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கால்மணி நேரம் பேசாமல் உட்காரும் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு, அமைதி என்பது தூக்கம் மட்டுமல்ல என்று விளக்க வேண்டியதில்லை.

25 பிள்ளைகள், ஓர் ஆசிரியை, ஓர் உதவியாளர்; ஒதுங்குகிற பிள்ளையை யார் பார்ப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. என் பதில், உதவியாளர் ஓடுகிறவர்கள் பின்னால் ஓடாமல், பாய் விரித்த நிழலில் தண்ணீர்ப் போத்தல்களோடு ஓரிடத்தில் உட்காரட்டும். வருகிறவர்கள் வருவார்கள், எழுந்து போவார்கள். கதை கேட்டால் சொல்லலாம். கேட்காத பிள்ளையிடம் பேச்சுக் கொடுக்க வேண்டாம். ஆசிரியை ஓடுகிறவர்களோடு இருக்கட்டும். இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் பார்க்கும் தூரத்தில் இருந்தால் போதும். அந்தப் பாய் மட்டும் ஒருபோதும் தண்டனைக்குப் பயன்படக் கூடாது. ஒரே ஒரு முறை பயன்பட்டாலும் பிறகு எந்தப் பிள்ளையும் தானாக அங்கே வராது.

அடுத்த முறை வெளியே போகும்போது ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எத்தனை மணிக்கு எந்தப் பிள்ளை விலகிப் போனது, எங்கே உட்கார்ந்தது, எவ்வளவு நேரம், யார் கூப்பிட்டு எழுப்பியது. பிள்ளைகளின் பெயர் வேண்டாம், வயது போதும். எங்களுக்கு அனுப்புங்கள், அடுத்த இதழில் அப்படியே போடுகிறோம்.